விளையாட்டுச் சாமான் கடையில் அப்பாவின் துவக்கு

நான் வேலைக்குப் போகும் வழியில் ஒரு விளையாட்டுச் சாமான் கடை இருக்கிறது. சுவிஸ் நாடு முழுக்க அவர்களுக்குக் கிளைகள் உண்டு. எந்தப் பட்டினத்தில் இறங்கினாலும் அதே பச்சைப் பலகை, அதே மணம், அதே சிரிப்பு. இன்டர்லாக்கன் கிளையின் கண்ணாடிக்குள் மாரியில் பனிச்சறுக்குப் பலகைகளை அடுக்குவார்கள், கோடையில் கூடாரங்களை விரிப்பார்கள். இவற்றுக்கு நடுவே எந்தக் காலத்திலும் அசையாமல் நாலு வேட்டைத் துவக்குகள் நிற்கும். ஒவ்வொன்றிலும் நூல் கட்டி விலைச்சீட்டுத் தொங்கும். போன வருஷக் கடைசியில் மலிவு விற்பனை வந்தபோது அதிலொன்றின் பழைய விலையைச் சிவப்பு மையால் வெட்டிப் புதிய விலை எழுதியிருந்தார்கள். நடைபாதையில் நின்று வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். நாயோடு வந்த ஒரு மனுசி என்னைக் கண்டு ஓரடி விலகிப் போனாள். ஊரிலிருந்து இதை வாசிக்கிறவர்களே, பகிடி விடவில்லை. துவக்குக்குக் கழிவு போட்டு விற்கிற ஊரில்தான் நான் இருக்கிறேன்.

எனக்கு ஒரு ஹோட்டல் குசினியில் கோப்பை கழுவும் வேலை. காலையில் தொடங்கி இரண்டு மணி வரைக்கும் கழுவுவோம். பிறகு ஐந்து மணி வரைக்கும் ஓய்வு. அதற்கு இங்கே ‘சிம்மர்ஸ்டுண்டே’ என்று ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள், அறையில் இருக்கும் நேரமாம். அறையில் என்ன இருக்கிறது? ஒரு கட்டில், ஒரு மேசை, மலையைப் பார்க்கும் ஒரு யன்னல். உல்லாசப் பயணிகள் அந்த மலையைப் பார்க்கக் கடல் தாண்டி வருகிறார்கள். எனக்கு அது ஓசியில் கிடைத்தது, ஆனால் பார்க்கப் பார்க்க நெஞ்சை அடைக்கும். இரண்டு மணியிலிருந்து ஐந்து மணிவரை என்னோடு ஒரு வார்த்தை கதைக்க ஆளில்லை. என் அறைக்குப் பக்கத்து அறையில் இருக்கும் தவராசா அண்ணை அந்த நேரத்தில் இன்னொரு இடத்தில் துப்புரவு வேலைக்குப் போய்விடுவார். அதனால்தான் நான் தெருவில் நடந்து திரிவேன். நடந்து திரிகிறவனுக்குக் கடைக் கண்ணாடி ஒரு பொழுதுபோக்கு. ஆனால் அந்தக் கடைக்குள் நான் காலெடுத்து வைத்தது பொழுது போகாமல் அல்ல.

பேர்ணில் நடந்த முதல் விசாரணையில் நான் ஒரு மடைத்தனம் செய்துவிட்டேன். அகதி விண்ணப்பத்துக்கான விசாரணை அது. மேசைக்கு அந்தப் பக்கம் ஓர் அதிகாரி, பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர், தட்டெழுத்துக்கு ஒரு பெண். அதிகாரி மரியாதையான மனிதர். தண்ணீர் கூடத் தந்தார். ‘உங்கள் வீட்டில் ஆயுதம் ஏதாவது இருந்ததா?’ என்று கேட்டார். மொழிபெயர்ப்பாளர் சொல்லி முடிக்க முன்னமே, ‘இல்லை, இல்லை, ஒண்டும் இல்லை’ என்று சொல்லிவிட்டேன். நம்மவர்களுக்கு விளங்கும். கிளிநொச்சியிலிருந்து யாழ்ப்பாணம் போகும் வழியில் எத்தனை தரம் பஸ்ஸை மறித்து இறக்கி இதே கேள்வியைக் கேட்டிருப்பார்கள்! அந்தக் கேள்விக்கு நமக்குத் தெரிந்த ஒரே பதில் அதுதான். மூளைக்குப் போகாமல் நேரே வாயிலிருந்து வரும். பிறகு ஒரு இருபது நிமிஷம் கழித்து, ‘ஏன் நாட்டை விட்டு வந்தீர்கள்?’ என்று கேட்டபோது, அப்பாவை அவருடைய துவக்குக்காகப் பிடித்துக்கொண்டு போனதிலிருந்து சொல்லத் தொடங்கினேன். அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். ‘வீட்டில் ஆயுதம் இல்லை என்றுதானே சொன்னீர்கள்?’ என்றார். எனக்குத் தண்ணீர் குடித்த வாய் காய்ந்து போனது.

அப்பாவிடம் துவக்கு இருந்தது உண்மைதான். சட்டப்படி லைசென்ஸ் எடுத்து வைத்திருந்தார். எங்கள் வயல் காட்டு ஓரம். கதிர் முற்றும் நேரத்தில் பன்றி இறங்கினால் ஒரு போகமே போய்விடும். அதைச் சுட அல்ல, வெருட்டத்தான். அந்தத் துவக்கை அவர் எங்களைத் தொட விட்டதில்லை. தன்னுடைய அறையில் அலுமாரிக்குப் பின்னால் வைத்து, அலுமாரிக்கு முன்னால் நெல்லு மூட்டையை அடுக்கியிருப்பார். எண்ணெய் போடும் நாட்களில் கதவைச் சாத்திவிடுவார். கதவு நீக்கலால் நானும் தங்கச்சியும் பார்த்திருக்கிறோம், அவ்வளவுதான். ஒருநாள் மத்தியானம் சோறு தின்றுகொண்டிருந்தபோது இயக்கப் பெடியன்கள் மூன்று பேர் சைக்கிளில் வந்தார்கள். ‘ஐயா, உங்கடை துவக்கு எங்களுக்குத் தேவைப்படுது’ என்று மரியாதையாகத்தான் கேட்டார்கள். வாங்கிக்கொண்டு, பெற்றுக்கொண்டோம் என்று ஒரு துண்டு எழுதித் தந்தார்கள். அப்பா அந்தத் துண்டையும் லைசென்ஸ் கொப்பியையும் ஒன்றாக அடுப்புக்குள் போட்டுவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு வந்து மிச்சச் சோற்றைத் தின்றார். லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் எல்லாரும் துவக்கோடு வந்து காட்ட வேண்டும் என்று பிறகு ஆமியின் அறிவித்தல் வந்தது. காட்ட என்ன இருக்கிறது? அடுத்த கிழமை ஆமி வந்து அப்பாவையும் என்னையும் முகாமுக்கு ஏற்றியது. என்னை இரண்டாம் நாள் விட்டார்கள். அப்பா மூன்று மாதம் கழித்து வந்தார். இப்போது அவருக்கு வலது காது கேட்காது.

இதுதான் என் வழக்கு. வேறொன்றும் என்னிடம் இல்லை. அதிகாரி கடைசியில், ‘சரி, அது என்ன துவக்கு? விவரியுங்கள்’ என்றார். ‘நீளமாய் இருக்கும், மரப்பிடி’ என்றேன். சொன்ன எனக்கே வெட்கமாயிருந்தது. வீடு கூட்டும் தும்புத்தடிக்கும் அதே விவரணை பொருந்தும். அகதிகளுக்கு உதவும் அலுவலகத்தில் மார்க்ரித் என்றொரு அம்மா என் கோப்பைப் பார்த்தார். நல்ல மனுசி, ஆங்கிலத்தில் மெல்ல மெல்லக் கதைப்பார். ‘இரண்டாவது விசாரணைக்குக் கூப்பிடுவார்கள். அந்தத் துவக்கைப் பற்றி உங்களுக்குத் தெரியும் என்று காட்டவேண்டும். இல்லாவிட்டால் முழுக்கதையும் பொய் என்றுதான் எழுதுவார்கள். தகப்பனாருக்குக் கடிதம் எழுதிக் கேளுங்கள்’ என்றார். எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. பிரித்துப் பார்க்கப்பட்டு, திரும்ப ஒட்டப்பட்டுப் போகிற கடிதத்தில், ‘அப்பா, எங்கடை துவக்கு என்ன வகை?’ என்று எழுதுவதா? ஒரு காதோடு தப்பிய மனிதருக்கு மற்றக் காதும் வேண்டாமா?

அப்படித்தான் அந்தக் கடைக்குப் போனேன். அதே மாதிரி ஒன்றை அருகில் வைத்துப் பார்த்தால் நினைவு வரும், பெயரும் தெரிந்துவிடும் என்பது என் கணக்கு. சிம்மர்ஸ்டுண்டே நேரத்தில் ஷேர்ட்டை மாற்றிக்கொண்டு போனேன். துவக்குப் பகுதி மீன்பிடிச் சாமான்களுக்குப் பக்கத்தில் இருந்தது. அங்கே நரைமீசை வைத்த ஒரு விற்பனையாளர். சட்டையில் வெபர் என்று பெயர் குத்தியிருந்தார். எனக்குப் பிறகு வந்த ஒருவருக்கு ரவை விற்றார். அதற்குப் பிறகு வந்தவருக்குத் துவக்குத் துடைக்கும் கம்பி விற்றார். மூன்றாவதாக வந்தவரோடு அவருடைய நாயைப் பற்றிக் கதைத்தார். நான் கம்பம் மாதிரி நின்றேன். கடைசியில் என் பக்கம் திரும்பி என்ன வேண்டும் என்றார். பாடமாக்கி வைத்திருந்த டொச்சு மொழியில், ‘எனக்குப் பார்க்க மட்டும் விருப்பம்’ என்றேன். ‘பார்ப்பதற்கு வெளியே கண்ணாடி இருக்கிறது’ என்றார். சத்தம் போடவில்லை, முகம் சுளிக்கவில்லை, கடை பூட்டும் நேரம் சொல்வது போலச் சொன்னார். இந்த நாட்டில் எனக்கு மிகவும் கோபம் வருவது இதற்குத்தான். ஏசினாலாவது திருப்பி ஏசலாம்.

சரி, பார்க்க வந்தவனுக்கு மதிப்பில்லை, வாங்க வந்தவன் போல நடிப்போம் என்று அடுத்த புதன்கிழமை ‘டை’ கட்டிக்கொண்டு போனேன். அந்த டையை எனக்குத் தேவாலயத்தில் உடுப்புக் கொடுக்கும் இடத்தில் தந்தார்கள். அதில் சின்னச் சின்ன வாத்துகள் பறக்கும், வேட்டைக்குப் பொருத்தம் என்று நினைத்தேன். ‘வாங்க விருப்பம், ஒற்றைக் குழல்’ என்றேன். வெபர் என் டையைப் பார்த்தார், பிறகு ‘ஆவுஸ்வைஸ்’ என்று கையை நீட்டினார். என் அடையாள அட்டையைக் கொடுத்தேன். விண்ணப்பம் முடியும் வரைக்கும் இருக்கலாம் என்ற அட்டை அது. முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, அதையும் கையோடு எடுத்துக்கொண்டு உள்ளே போய்த் தொலைபேசி எடுத்தார். பொலிசுக்குத்தான் எடுக்கிறான், அகதி ஒருவன் துவக்கு வாங்க வந்திருக்கிறான் என்று சொல்லப்போகிறான், விடிந்தால் என்னைக் கட்டுநாயக்காவுக்கு விமானம் ஏற்றிவிடுவார்கள்! ஓடலாம் என்றால் அட்டை அவர் கையில். தூண்டிலுக்குப் போடும் உயிர்ப் புழுக்கள் ஒரு பெட்டிக்குள் நெளிந்துகொண்டிருந்தன. அவற்றைப் பார்த்தபடி கால் மணி நேரம் வியர்த்துக்கொண்டு நின்றேன். வெபர் திரும்பி வந்தார். தலைமை அலுவலகத்தோடுதான் கதைத்தாராம். இந்த அட்டைக்கு விற்க முடியாதாம். ஆனால் வாடிக்கையாளரை வெறுங்கையோடு அனுப்பக்கூடாதாம், அதனால் ஒரு படிவம் தந்தார். அதை நிரப்பி ஊர்ப் பொலிசில் முத்திரை குத்திக்கொண்டு வரட்டாம். எதற்காகத் துவக்கு என்ற இடத்தில் மூன்று பெட்டிகள் இருந்தன. வேட்டை, விளையாட்டு, சேகரிப்பு. என்னுடைய காரணத்துக்குப் பெட்டி இல்லை.

அன்றைக்குத் தவராசா அண்ணையிடம் படிவத்தைக் காட்டினேன். அவர் கட்டிலிலிருந்து எழும்பிவிட்டார்.

‘டேய், உனக்கென்ன விசரே? அகதிக் கேஸ் நடக்கேக்கை துவக்குக் கடையிலை போய் விலை கேட்டனியோ?’

‘விலை கேக்கேல்லை அண்ணை. என்ன வகை எண்டு பாக்கத்தான்.’

‘ஓம், அவங்கள் நம்புவாங்கள்! நாங்கள் துவக்குக்குப் பயந்து ஓடி வந்தனாங்கள் எண்டு ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரியிறம். இவர் டையும் கட்டிக்கொண்டு துவக்கு வாங்கப் போறார். கிழிச்சு எறி உந்தக் கோதாரியை.’

கிழிக்கவில்லை. அவர் கதைத்தது சரி என்று தெரியும், ஆனாலும் கிழிக்கக் கை வரவில்லை. விசாரணைக்கு இன்னும் பதினொரு நாள்தான் இருந்தது. அந்தப் பதினொரு நாளில் கடைக்காரர்கள் என்னைப் பந்தாடியதைச் சொன்னால் ஒரு புத்தகம் எழுதலாம். படம் போட்ட விலைப்பட்டியல் புத்தகம் ஒன்றாவது தாருங்கள் என்று மேல்மாடித் தகவல் மேசைப் பெண்ணிடம் கேட்டேன். அது வாடிக்கையாளர் அட்டை உள்ளவர்களுக்கு மட்டுமாம். வாடிக்கையாளர் அட்டை கேட்டேன், அதற்கு வருஷ விசா வேண்டுமாம். தூண் பட்டினத்துக் கிளையில் பழைய துவக்குகள் இருக்கும் என்றார் அந்தப் பெண். ரயிலேறித் தூணுக்குப் போனால், அங்கே அதே பச்சைப் பலகை, அதே சிரிப்பு. பழைய துவக்குகள் எல்லாம் இன்டர்லாக்கன் கிளையில்தான், வெபர் என்று ஒருவர் இருக்கிறார், கெட்டிக்காரர், அவரைக் கேளுங்கள் என்றார்கள்.

மூன்றாம் தரம் வெபருக்கு முன்னால் போய் நின்றபோது அவர், ‘படிவம் நிரப்பியாயிற்றா?’ என்றார். எனக்கு அடக்க முடியவில்லை. வாயில் வந்தது முழுக்கத் தமிழ். ‘எனக்கு உங்கடை துவக்கு வேண்டாம் ஐயா! அப்பாவின்ரை துவக்கு என்னெண்டு தெரிய வேணும்! அது தெரியாட்டி என்னைத் திருப்பி அனுப்பிப் போடுவாங்கள்!’ கத்திக் கதைக்கும் கறுப்பனைக் கண்டு மீன்பிடிப் பகுதியில் நின்ற தாய் ஒருத்தி பிள்ளையை இழுத்துக்கொண்டு போய்விட்டாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதுதான் அவமானம். படிவத்தைப் புரட்டி அதன் பின்பக்கத்தில் வரையத் தொடங்கினேன். ஒற்றைக் குழல். ரவை போட நடுவில் முறியும் இடம். விசைக்கு மேலே ஒரு சின்ன நெம்பு. குழல் நுனியில் மிளகு அளவில் ஒரு பித்தளை மணி. கதவு நீக்கலால் பார்த்ததெல்லாம் எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை, கை தானாக வரைந்தது.

வெபர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். முதன்முறையாக அவர் என்னைப் பார்க்காமல் நான் கொண்டுவந்ததைப் பார்த்தார். ‘ஆஹா’ என்றார். பூட்டிய அலுமாரியைத் திறந்து ஒன்றை எடுத்து வந்து பச்சைத் துணியில் வைத்தார். டக்கென்று முறித்துக் காட்டினார். அந்தச் சத்தம் கேட்டதும் சாத்திய கதவுக்குப் பின்னால் அப்பா இருப்பது போல் இருந்தது. வெபர் மெல்ல மெல்லச் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன். பன்னிரண்டாம் அளவு. இங்கிலாந்தில் செய்தது. உங்கள் நாட்டுக்கு வெள்ளைக்காரன் காலத்தில் நிறையப் போயிருக்கும் என்றார். எனக்கு அதைத் தொட வேண்டும் போல் இருந்தது. கையை நீட்டினேன். வெபர் சட்டென்று துவக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். ‘தொடக்கூடாது’ என்றார். பிறகு அவருக்கே ஒரு மாதிரி இருந்திருக்க வேண்டும், ‘விதி’ என்று ஒரு சொல்லைச் சேர்த்தார். நன்றி சொல்லிவிட்டு வந்தேன். சும்மா சொல்லக்கூடாது, அந்த மனிதர் இல்லாவிட்டால் எனக்கு ஒன்றுமே தெரிந்திருக்காது.

இரண்டாவது விசாரணையில் ஒரு மூச்சில் எல்லாவற்றையும் சொன்னேன். அதே அதிகாரி, அதே தண்ணீர். ‘சென்ற முறை உங்களுக்கு இது தெரியவில்லையே. இப்போது எப்படித் தெரிந்தது?’ என்று கேட்டார். ஒரு பொய் சொல்லியிருக்கலாம், அப்பா எழுதினார் என்று. ஆனால் முதல் தரம் சொன்ன பொய்யே போதும் என்று இருந்தது. கடைக்குப் போனதைச் சொன்னேன். டையைத் தவிர எல்லாவற்றையும் சொன்னேன். தட்டெழுத்துப் பெண் அடிப்பதை நிறுத்தி அதிகாரியைப் பார்த்தாள். அவர் தலையாட்டினார், அவள் அடித்தாள். பிறகு அவர், ‘அந்தத் துவக்கின் இலக்கம் என்ன?’ என்றார். தெரியாது என்றேன். ‘என் வீட்டிலும் ஒன்று இருக்கிறது. இந்த நாட்டில் இராணுவ சேவை செய்யும் எல்லார் வீட்டிலும் இருக்கிறது. அதன் இலக்கம் எனக்கு மனப்பாடம், என் மகனுக்கும் தெரியும். உங்கள் தகப்பனாரின் துவக்கின் இலக்கம் ஒரு மகனுக்கு எப்படித் தெரியாமல் போகும்?’ கேலியாகக் கேட்கவில்லை. உண்மையாகவே அவருக்கு விளங்கவில்லை.

‘தெரிஞ்சிருந்தா முகாமிலை அடிச்ச அடியிலை சொல்லியிருப்பன்’ என்றேன். ‘சொல்லக்கூடாது எண்டுதான் அப்பா எங்களுக்கு ஒண்டும் தெரியாமல் வளத்தவர்.’ மொழிபெயர்ப்பாளர் அதைச் சொல்லக் கொஞ்ச நேரம் எடுத்தது. அதிகாரி எனக்கு இன்னொரு தரம் தண்ணீர் ஊற்றித் தந்தார். அவருக்கு விளங்கிவிட்டது என்று நான் நினைத்தேன். கூட வந்திருந்த மார்க்ரித் அம்மாவும் வெளியே வந்து என் கையைப் பிடித்து, நன்றாகச் சொன்னீர்கள் என்றார்.

முடிவு ஐந்து மாதத்தில் வந்தது. நிராகரிப்பு. மார்க்ரித் அம்மா வாசித்துச் சொன்னார். விண்ணப்பதாரியின் ஆயுதம் பற்றிய அறிவு, அவரே ஒப்புக்கொண்டபடி, சுவிசில் ஒரு விற்பனை நிலையத்தில் பெறப்பட்டது. ஆகவே அது நம்பத்தக்கதல்ல. தவராசா அண்ணை ஒரு வார்த்தையும் குத்திக்காட்டவில்லை. அன்று தன் பங்கு மீன்குழம்பையும் என் கோப்பையில் ஊற்றிவிட்டு, ‘சாப்பிடு’ என்றார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. மேன்முறையீடு போட்டிருக்கிறோம். இதை எழுதும்வரை பதில் இல்லை. அப்பாவுக்கு, எல்லாம் சுகமாய் நடக்கிறது என்று எழுதியிருக்கிறேன்.

மேன்முறையீட்டுக் கடதாசியில் கையெழுத்து வைக்கப் பேர்ணுக்குப் போய்த் திரும்பிய நாளில் தூணில் ஒரு பெடியன் ரயிலேறினான். இராணுவச் சீருடை, முகத்தில் பரு, ஒரு பெரிய பை, ஒரு துவக்கு. எனக்கு எதிரில் உட்கார்ந்து துவக்கை யன்னலோரம் சாய்த்து வைத்தான். இப்படி எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன், வழக்கமாக எழும்பி வேறு பெட்டிக்குப் போய்விடுவேன். அன்று எழும்பக் களைப்பு. அவன் தன் பையைக் கிளறினான், சட்டைப்பையைத் தட்டிப் பார்த்தான், அடுத்த பெட்டியில் யாரோ நண்பனைக் கண்டு கையசைத்தான். பிறகு என்னைப் பார்த்து, ‘கொஞ்சம் பார்த்துக்கொள்கிறீர்களா, இப்போது வந்துவிடுவேன்’ என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். அட்டை கேட்கவில்லை. படிவம் தரவில்லை. நான் யாரென்று கூடக் கேட்கவில்லை.

ரயில் ஏரிக்கரையோடு ஓடிக்கொண்டிருந்தது. நானும் அதுவும் மட்டும். வளைவில் அது சரிந்து விழப் பார்த்தது. பிடித்துக்கொண்டேன். குளிர்ந்த இரும்பு, அதே எண்ணெய் மணம். கையை எடுத்தால் விழுந்துவிடும் என்று ஸ்பீஸ் நிலையம் வரைக்கும் பிடித்தபடியே இருந்தேன். பிடித்திருந்த இடத்துக்குக் கிட்ட இரும்பில் இலக்கம் வெட்டியிருந்தது. பெடியன் திரும்பி வந்து, ‘மெர்சி’ என்று நன்றி சொல்லித் தோளில் கொழுவிக்கொண்டு இறங்கிப் போனான்.

அப்பாவின் துவக்கின் இலக்கத்தை மேன்முறையீட்டில் கேட்டால் இப்போதும் தெரியாது என்றுதான் சொல்லுவேன். அந்தப் பெடியனுடைய துவக்கின் இலக்கத்தைக் கேட்டால், ஒரு எண் பிசகாமல் சொல்லுவேன். அதைக் கேட்கத்தான் ஆளில்லை.